பட்டியலில் இல்லாத சோப்பு

அன்புள்ள கமலி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி வருவதில் சந்தோஷம். மாடிப்படி ஏறக் கூடாது என்று சொன்ன மருத்துவரிடம் நீ வாதாடிவிட்டு வந்ததில் ஆச்சரியம் ஏதுமில்லை. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் புது வேலையில் சேர்ந்துவிட்டான். சின்னவள் வழக்கம்போல் எதற்கும் பதில் சொல்வதில்லை. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன். எதற்கெடுத்தாலும் தீர்ப்பு சொல்வானே, அந்த நம் ‘நீதிபதி’யோடு சண்டை போட்டுவிட்டேன். சங்கக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது அவன்தான் என்பதை முதலிலேயே பதிவு செய்துகொள்கிறேன். உன் காதுக்கு வேறு விதமாக வந்திருக்கக்கூடும்.

சண்டை எதற்கு என்றால், சோப்புக்கு. சிரிக்காதே.

தொழிற்சாலை மூடியபின் வேலை இழந்த குடும்பங்களுக்குச் சங்கம் மாதாமாதம் ஒரு பை கொடுக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் நாங்கள். வாங்கிக்கொள்கிறவர்களை யாரும் கேட்கவில்லை. எல்லாம் சமையல் பொருட்கள்; பசிதானே முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. போன மாதம் நான் ஓர் அட்டைப்பெட்டியை வாசலில் வைத்து, பெயர் எழுத வேண்டாம், என்ன தேவை என்று மட்டும் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்றேன். சமையல் பொருள் கேட்டிருந்த சீட்டுகள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் துணி சோப்பு, பற்பசை, சானிட்டரி நாப்கின், குழந்தைக்கு டயபர். ஒரு சீட்டில், “சோப்பு. துணிக்கானதோ உடம்புக்கானதோ, எதுவானாலும் சரி” என்று இருந்தது. இன்னொன்றில், “சவர பிளேடு. நேர்காணலுக்குப் போக வேண்டும்.” பிறகு ஒன்று, பென்சிலில், குழந்தைக் கையெழுத்து: “காலுறை. நாற்றம் வருகிறது என்று என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.”

அந்தக் கடைசிச் சீட்டை நான் கூட்டத்தில் படிக்கவில்லை. படித்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை அதை நீதிபதிக்காக எழுதவில்லை அல்லவா?

மற்றச் சீட்டுகளைப் படித்ததும் அவன் தீர்ப்பு சொன்னான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னான் என்றால் உனக்கே காட்சி தெரியும். “ஒரு சோப்பு என்ன விலை? இதற்குமா கை நீட்டுவார்கள்? சுத்தமாக இருக்க மனம்தான் வேண்டும், பணம் வேண்டாம்.” அடுத்து, எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே என்றான். வேலைக்குக் கூப்பிடுவதும், பள்ளியிலிருந்து செய்தி வருவதும், நம் பை எந்தத் தேதியில் என்று நாமே சொல்வதும் அந்தப் போனில்தான் என்றேன். அது பதில் இல்லையாம், சாமர்த்தியமாம்.

இரண்டு நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதை உன்னிடம் கொட்டிவிடுகிறேன். ஒருவன் பசியோடு இருக்கிறான் என்றால் உலகம் இரக்கப்படுகிறது. அவனே அழுக்குச் சட்டையோடு வந்தால் ஓர் அடி தள்ளி நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே காலிப் பணப்பைதான். பசியைப் பணப்பையோடு சேர்க்கிற நாம், அழுக்கை மட்டும் ஆளின் குணத்தோடு சேர்க்கிறோம். சோம்பேறி, வளர்ப்பு சரியில்லை, அக்கறை இல்லாத தாய். பிறகு யார் வாய் திறந்து சோப்பு கேட்பார்கள்? “சாப்பிட்டு நேற்றோடு சரி” என்று ஒரு பெண் என்னிடம் சொல்லியிருக்கிறாள். “தலைக்குக் குளித்து மூன்று வாரம் ஆகிறது” என்று நேரில் சொன்னவர் யாருமில்லை. பெயரில்லாத சீட்டில்தான் அது வந்தது.

விலை குறைவு என்கிறானே, அதைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறைதான். சோப்பு, பற்பசை, துணித்தூள், பாத்திரம் துலக்குவது, கழிப்பறை கழுவுவது, நாப்கின், டயபர் என்று ஒரு வீட்டுக்குத் தேவையானதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அவன் கூட்டவில்லை. கணக்கு அவனுக்கு என்றுமே வராது, உனக்குத் தெரியும். இன்னொன்று: வாடகைக்குத் தவணைத் தேதி உண்டு. மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். பசித்த குழந்தை அழும். சோப்புக்குத் தேதியும் இல்லை, அபராதமும் இல்லை. தீர்ந்துபோனால் அழவும் செய்யாது. கை இறுகும்போது கத்தி முதலில் அதன்மேல்தான் விழுகிறது. அந்த வெட்டுக்கும் ஒரு வரிசை இருக்கிறது, கமலி. தரை கழுவும் திரவம் முதலில் போகும், பிறகு ஷாம்பு. துணித்தூளைப் பாதியாகக் குறைப்பார்கள். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழிப்பார்கள். தாய் தன் நாப்கினை விட்டுவிட்டுத் துணிக்கு மாறுவாள். மகளுக்கு மட்டும் வாங்குவாள். பிள்ளையின் சீருடை கடைசிவரை வெளுப்பாகவே இருக்கும். வெளியே தெரிவது கடைசியில்தான் கெடுகிறது. ஆகவே நம் கண்ணில் படும்போது அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே எல்லாம் போயிருக்கும்.

ஏழைக்கு மலிவாகவும் கிடைப்பதில்லை. பெரிய பாக்கெட் வாங்கினால் கிராமுக்குக் கணக்கிட்டால் லாபம், ஆனால் அன்றைக்குக் கையில் அத்தனை பணம் இருக்க வேண்டுமே. (ஷாம்புவில் மட்டும் சில சந்தைகளில் தலைகீழ்: சிறு பாக்கெட்தான் பாட்டிலைவிட மலிவு. நீ திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.) நீதிபதியோ தள்ளுபடி வரும்போது ஆறு மாதச் சோப்பை அலமாரியில் அடுக்கிவைத்துவிட்டுச் சிக்கனம் பற்றிப் பேசுகிறான். அந்த அலமாரியே ஒரு முதலீடு என்பது அவனுக்குத் தோன்றவில்லை. சோப்பு இருந்தால் மட்டும் போதுமா? தண்ணீர் வேண்டும், அதைச் சூடாக்க எரிபொருள் வேண்டும், துவைத்ததை உலர்த்த இடம் வேண்டும். ஒரே சீருடை உள்ள பிள்ளைக்கு, இரவு துவைத்தது காலையில் காயவில்லை என்றால் பள்ளி கிடையாது. வருகைப் பதிவேட்டில் அது சும்மா “வரவில்லை” என்றுதான் ஏறும்.

அவன் கடைசி அஸ்திரம் என்ன தெரியுமா? “நம் பாட்டி காலத்தில் இந்தச் சோப்பெல்லாம் இருந்ததா? அவர்கள் சுத்தமாக இல்லையா?” கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில்தான் உன்னை நினைத்துக்கொண்டேன். விடுதியில் தேர்வுக்கு முந்தின இரவு, நாங்கள் தூங்கி வழிந்துகொண்டிருக்க, நீ ஆடம் ஸ்மித்தின் சட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டே போனாயே! எனக்கு நினைவில் நின்ற பொருளாதாரம் அது ஒன்றுதான். எழுந்து நின்று சொல்லிவிட்டேன். 1776-இலேயே அந்த மனிதர் இதற்குப் பதில் எழுதிவிட்டார். லினன் சட்டை உயிர்வாழத் தேவையான பொருள் கிடையாது, கிரேக்கரும் ரோமானியரும் லினன் இல்லாமலேயே சுகமாக வாழ்ந்தார்கள். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் ஒரு கூலித் தொழிலாளி லினன் சட்டை இல்லாமல் வெளியே தலைகாட்ட வெட்கப்படுவான், ஆகவே அது அத்தியாவசியம்தான் என்றார். பாட்டி காலத்தில் யாரிடமும் சோப்பு இல்லை, அதனால் யாரும் யாரையும் முகம் சுளித்துப் பார்க்கவில்லை. இன்று சோப்பு வாசனை இல்லாதவனை வகுப்பில் ஓரமாக உட்கார வைக்கிறார்கள், வேலைக்கும் எடுப்பதில்லை. அளவுகோலை உயர்த்தியவர்கள் நாம். எட்டாதவனிடம் பாட்டியைக் காட்டுவது என்ன நியாயம்?

சரியாகத்தான் சொன்னேனா? தப்பாக இருந்தால் அவனிடம் சொல்லிவிடாதே, என்னிடம் மட்டும் சொல்.

உன் பாடத்தின் இன்னொரு துண்டையும் வீசினேன். உப்பு, தோல், மெழுகுவத்தியோடு சோப்புக்கும் பிரிட்டனில் வரி இருந்ததை அதே ஸ்மித் சுட்டிக்காட்டியதையும், 1712-இல் வந்த அந்த வரி 1853-இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் நீக்கும்வரை நீடித்ததையும் சொன்னேன். யாரும் இரவில் கள்ளத்தனமாகக் காய்ச்சக் கூடாது என்று சோப்புக் கொப்பரைகளின் மூடிக்கு வரி அதிகாரிகள் பூட்டுப் போட்டார்களே, அந்தக் கதையில் கூட்டமே சிரித்தது. அப்போதுதான் நீதிபதியின் நாற்காலி நகர்ந்தது.

பழங்கதை என்று தள்ள முடியவில்லை. அமெரிக்காவில் அரசின் உணவு உதவி அட்டையை வைத்து இன்றும் சோப்பு வாங்க முடியாது; டயபர், நாப்கின், பற்பசை எதுவும் முடியாது. உணவுக்கு மட்டும்தான். அங்கே பல குழந்தைகள் காப்பகங்களில் டயபரைப் பெற்றோர்தான் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் குழந்தையை விட முடியாது. விட முடியாவிட்டால் தாய் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் டயபர் வாங்கப் பணம் வராது. சட்டம் எழுதியவர்களுக்கும் நம் சங்கத்தைப் போலவே வயிறு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. 2020 நினைவிருக்கிறதா? இருபது விநாடி கை கழுவுங்கள் என்று உலகம் முழுக்கப் பாட்டாகவே பாடினார்கள். அதே ஆண்டில் வீட்டில் சோப்பும் தண்ணீருமாகக் கை கழுவ வசதி இல்லாதவர்கள் சுமார் 230 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன.

நாப்கின் வரி பற்றி நீ பல வருடம் முன்பே புலம்பியிருக்கிறாய். கென்யா 2004-இலேயே நீக்கியது, இந்தியா 2018-இல், பிரிட்டன் 2021-இல். வரி போனால் விலை அப்படியே இறங்கிவிடாது, மூலப்பொருளுக்குக் கட்டிய வரி உள்ளேயே தங்கும், மீதியைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார் என்று நீ ஆரம்பிப்பாய். சரி, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஸ்காட்லாந்து செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது: 2020-இல் சட்டம் போட்டு, 2022 முதல் தேவைப்படுகிற எவருக்கும் இலவசமாகக் கிடைக்க உள்ளாட்சிகள் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்றாக்கினார்கள். வருமானச் சான்று கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேட்காமைதான் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால் இங்கே தகராறு இப்போது அதில்தான் நிற்கிறது. சோப்பு கொடுப்பதற்கு நீதிபதி அரைமனதாக இறங்கி வந்துவிட்டான். ஆனால் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டுமாம். நாப்கினுக்கும்! யார் வீட்டில் எத்தனை பெண்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டுமாம். அவன் மேசைக்கு முன்னால் எந்தப் பெண் போய் நிற்பாள்? வாசலுக்கு உட்புறம் ஓர் அலமாரி வைப்போம், வேண்டியதை வேண்டியவர் கேட்காமல் எடுத்துப் போகட்டும் என்று நான் சொன்னேன். “ஒருவரே பத்து சோப்பை அள்ளிப் போவார்” என்றான். போகட்டுமே! பத்து சோப்பைத் திருடியவன் என்ன செய்துவிடப் போகிறான், குளிப்பான்.

நன்கொடைப் பெட்டியின் கதையையும் கேள். சோப்பு, பற்பசை வேண்டும் என்று அறிவித்தோம். வந்தவை: விடுதி அறைகளில் சுருட்டிய விரல் அளவுச் சோப்புகள், தேதி முடிந்த முகக் களிம்பு, பாதி தீர்ந்த வாசனைப் புட்டி. ஒரு புண்ணியவான் உதட்டுச்சாயம் போட்டிருந்தார். விடுதியில் மிச்சச் சோப்புத் துண்டுகளையெல்லாம் சேர்த்து உருட்டினாயே, உன் அந்தப் பஞ்சவர்ண உருண்டை மட்டும்தான் குறை. வார்டன் கண்ணில் அது பட்ட நாளை நினைத்து நான் தனியாகச் சிரித்ததில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்லதும் வந்தது. கூட்டம் முடிந்த மறுநாள் நீதிபதியின் மனைவி ஒரு பெரிய பெட்டி நிறைய நாப்கின் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். “அவரிடம் சொல்ல வேண்டாம், அவர் பதிவேடு கேட்பார்” என்றார். இத்தனை வருடமும் அந்த அம்மாளை நாம் வாயில்லாப் பூச்சி என்றே நினைத்திருந்தோம்!

அடுத்த கூட்டம் மாத முதல் ஞாயிறு. அலமாரியா, பதிவேடா என்று வாக்கெடுப்பு. எனக்குப் பாதிப் பேர், அவனுக்குப் பாதிப் பேர், நடுவில் இரண்டு பேர் யார் கடைசியில் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம். நான் பேசினால் சண்டைக்காரி பேசுகிறாள் என்றாகிவிடும். அவன் பயப்படுவது உனக்கு ஒருத்திக்குத்தான். ஆகையால் நீ ஒரு கடிதம் எழுது. சங்கத்தின் பெயருக்கு எழுது, தலைவர் வாசித்தே தீர வேண்டும். சட்டையும் கொப்பரைப் பூட்டும் கட்டாயம் இருக்கட்டும்; வரி பற்றி ஒரு பத்தி போதும், வகுப்பு எடுக்காதே. போனில் அவனைப் பிடித்துப் பேசலாம் என்று மட்டும் நினைக்காதே. அவன் பேசவிட மாட்டான், உனக்கு ரத்த அழுத்தம் ஏறும், பழி என்மேல் வரும்.

வியாழனுக்குள் அனுப்பிவிடு. மாடிப்படி ஏறாதே.

உன்,
மீனா