வெயிலில் தள்ளாடும் கால்

அன்புள்ள சேகு,

பாம்பனில் பாசி எடுக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மல்டிபிள் ஸ்கெலரோசிஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையை அரிக்கும் நோய், என்று சொல்லப்பட்டவள். கடலுக்குள் நிற்கும்வரை கால் தாங்குகிறது. கரையேறிப் பாசியைக் காயப்போடும்போது தள்ளாடுகிறது, பார்வை மங்குகிறது. நிழலில் உட்கார்ந்தால் தெளிகிறது என்கிறாய். ஸ்டீராய்டு ஏற்ற அவசரப்படாதே. உழைப்பில் பார்வை மங்குவதை 1890-லேயே ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் எழுதிவைத்தார். அதற்குப் பெரும்பாலும் உடல் சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது.

மயலின் என்ற அந்த உறை உரிந்த நரம்பிழையில் மின்னோட்டம் கசியும். நல்ல இழைக்குத் தேவையைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கையிருப்பு உண்டு, உரிந்ததற்கு அது கிடையாது. உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே மின்னோட்டத்தை உண்டாக்கும் சோடியம் வாயில்கள் சீக்கிரம் மூடிக்கொள்ள, செய்தி வழியிலேயே நின்றுபோகும். குளிர்ந்தால் மறுபடி ஓடும். கடல்நீர் உடம்பைவிடக் குளிர்ச்சி என்பதால்தான் தண்ணீருக்குள் அவளுக்குச் சுகமாயிருக்கிறது. எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே இந்நோயைச் சோதித்தார்கள்.

நோயின் புதுத் தாக்கம் என்றால் அறிகுறிகள் காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். அதனால் முதலில் சிறுநீரைப் பார். ஒதுங்க இடமில்லாமல், தண்ணீரும் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள். சிறுநீர்த் தொற்றும் அச்சு அசலாக இப்படித்தான் காட்டும். அதெல்லாம் இல்லை, உடம்பு குளிர்ந்தும் பலவீனம் போகவில்லை என்றால் மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டை தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள் ட்ரிப்ஸில் ஏற்று. சர்க்கரையைக் கவனித்துக்கொள்.

மூளைச் செல்களின் நீர்வாயில் புரதத்தைத் தாக்கும் அக்வாபொரின்-4 எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்களா? எனக்கு இதுதான் பெரிய கவலை. தண்டுவடத்தில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்குப் புண் இருந்தாலோ, இரண்டு கண்ணும் சேர்ந்து போயிருந்தாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். எலிசா என்ற வழக்கமான ஆய்வகச் சோதனையைவிடச் செல்களை வைத்துச் செய்யும் சோதனையே நம்பகம். அந்த எதிர்ப்பொருள் இருந்தால் நோயே வேறு, நியூரோமைலைடிஸ் ஆப்டிகா. மல்டிபிள் ஸ்கெலரோசிஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் எல்லாம் அதை மோசமாக்கும்.

இங்கே எங்கள் கவனமெல்லாம் மூளையின் சொந்த எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா மேல். இப்போதைய மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் லிம்ஃபோசைட்டு வெள்ளையணுக்களைத் தடுக்கின்றன. உள்ளேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா, பழைய புண்ணின் ஓரத்தில் இரும்பைச் சுமந்தபடி உமிநெருப்பாய்ப் புகைந்துகொண்டிருக்கும். தாக்கமே இல்லாமல் வருடா வருடம் நடை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் குறிவைக்கும் டோலிபுரூட்டினிப் என்ற மருந்து 2024-ல் வந்த சோதனை முடிவில், தாக்கமின்றி முற்றும் நிலையில் இருந்தவர்களுக்கு ஊனம் கூடும் அபாயத்தை 31 சதவீதம் குறைத்தது. ஆனால் கல்லீரலைப் பாதிக்கிறது. முழு மனதாக மகிழ முடியவில்லை.

வேலையை விடச் சொல்லாதே, அது அவள் பிழைப்பு. காயப்போடுவதை வேறொருவர் பார்க்கட்டும், இவள் கழுத்திலும் முன்கையிலும் ஈரத்துண்டு சுற்றிக்கொள்ளட்டும். அடுத்த ஸ்கேனில் இரும்பைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. வகை எம்.ஆர்.ஐ. படங்களையும் சேர்த்து எடுக்கச் சொல், புண்ணைச் சுற்றிய இரும்பு வளையம் அதில்தான் தெரியும். பழைய சி.டி.யையும் அனுப்பு, நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்