புதிய பணியாண்டுத் திட்டங்கள் தொடர்பாக

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இலங்கையையும் மாலைதீவையும் உள்ளடக்கிய றோட்டரி சேவை அமைப்பின் 3220ஆம் மாவட்டப் பணியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், திருகோணமலைப் பகுதிக் கழகங்கள் தத்தம் திட்டங்களை அதற்கு முன்னரே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. நகரிலுள்ள ஒரே பாடசாலைக்கு இரு கழகங்கள் கொப்பிகள் வழங்க, தொலைவிலுள்ள வெருகலும் குச்சவெளியும் விடுபட்டுப் போய்விடக்கூடாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, பாதைப் படகுக்காகக் கரையில் காத்திருந்த காலம் போய்விட்ட பின்னர், தூரத்தைக் காரணம் காட்டுவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

வடகீழ்ப் பருவமழை வலுப்பதற்குள், அதாவது செப்டெம்பர் முடிவதற்குள், நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவாக்கும் சிரமதானங்களையும் கிணறு இறைக்கும் பணிகளையும் நிறைவு செய்யும் வகையில் நாள் குறிக்கவும். கண் பரிசோதனை முகாம் நடத்த விரும்புவோர் சுகாதாரப் பிரிவினருடன் முன்கூட்டியே பேசிக்கொள்ளவும்.

முன்மொழிவுகளைக் கழகச் செயலாளர்கள் மட்டும் இக்குழுவில் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.