லீட்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகள்,

போன கிழமை கதைத்தபோது, ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் விஞ்ஞானக் கதை வாசகர் மாநாட்டுக்குப் போவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாய். "அங்கே எனக்கு ஒருத்தரையும் தெரியாது அம்மா. வருகிறவர்கள் எல்லாரும் வருடக்கணக்காக ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்" என்றாய். போனில் இதைச் சொல்லி முடிக்க நேரம் காணாது, அதனால் எழுதுகிறேன். நீ போக வேண்டும் என்பது என் ஆசை. ஏன் என்று சொல்ல, நீ இப்போது இருக்கிற ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

உன் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் குயின் ஸ்குவேர் என்று ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. சுற்றிவரப் பழைய செங்கல் வீடுகள். அதில் 14ஆம் இலக்கத்தில் அந்தக் காலத்தில் பிரம்மஞான சபையின் மண்டபம் இருந்தது. சென்னை அடையாறில் தலைமையகம் வைத்திருக்கும் அதே சபைதான். 1937 ஜனவரி 3, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஞ்ஞானக் கதை வாசகர்கள் சிலர் அந்த மண்டபத்தில் கூடினார்கள். நாள் குறித்து, இடம் பார்த்து, பல ஊர்களுக்கும் முன்கூட்டியே அறிவித்து நடத்திய மாநாடு. வந்தவர்களை எண்ணினால் இருபது பேர்கூடத் தேறாது. நீ போகத் தயங்குகிற மாநாட்டுக்கும், உலகம் முழுக்க இன்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடுகிற அத்தனை மாநாடுகளுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தொடக்கம் என்று நான் நம்புகிறேன்.

அமெரிக்கர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1936 ஒக்டோபர் 22ஆம் திகதி நியூயோர்க் வாசகர்கள் சிலர் ரெயிலில் பிலடெல்பியாவுக்குப் போய், அங்கிருந்த வாசகர்களை மில்ட்டன் ரொத்மன் வீட்டில் சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பையே மாநாடு என்று அறிவித்தும் விட்டார்கள். எது முதலாவது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கதைத்துவிட்டு வருவது நல்ல விஷயம்தான். ஆனால் யார் வந்தாலும் வரலாம் என்று மண்டபக் கதவைத் திறந்து வைப்பது வேறு. அதனால் நான் லீட்ஸ் பக்கம்.

அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அப்போது இங்கிலாந்தில் விஞ்ஞானக் கதைக்கென்று நிலைத்து நின்ற ஒரு சஞ்சிகை இல்லை. அமெரிக்கச் சஞ்சிகைகளின் பழைய இதழ்கள் வூல்வர்த்ஸ் கடையில் மூன்று பென்ஸுக்குக் கிடைக்கும். கப்பலில் அடிப்பாரமாக ஏற்றி வந்தவை என்று சொல்வார்கள். எந்த மாத இதழ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரியாது, தொடர்கதையின் முதல் பகுதி கிடைத்தால் அடுத்த பகுதி கிடைக்காது. அந்த இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில், எழுதியவரின் முழு விலாசத்தையும் அச்சிடுவார்கள். ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டு மற்றவர் அவருக்கு நேரே எழுதுவார். 1934இல் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்ற அமெரிக்கப் பதிப்பாளர் தன் சஞ்சிகை மூலம் ஒரு வாசகர் சங்கம் தொடங்கி, ஊர் ஊராகக் கிளைகள் வைக்கலாம் என்று சொன்னபோது, லீட்ஸிலும் ஒரு கிளை உண்டானது. டக்ளஸ் மேயர் என்ற இளைஞர் அதை நடத்தினார். மாநாட்டைக் கூட்டியது அந்தக் கிளைதான்.

அன்றைக்கு அந்த மண்டபத்துக்குள் வந்த பலர் அதுவரை கடிதத்தில் மட்டுமே பழகியவர்கள். கையெழுத்தைப் பார்த்தால் யார் என்று சொல்லிவிடுவார்கள், முகத்தைப் பார்த்தால் தெரியாது. புது வருடம் பிறந்து மூன்றாம் நாள், ஜனவரிக் குளிர், கையில் பெரிய காசும் இல்லை. லண்டன் பக்கத்திலிருந்து வோல்ட்டர் கில்லிங்ஸ் வந்தார், பத்திரிகை நிருபர். டெட் கார்னெல் வந்தார். நனீட்டனில் இருந்து பிரதியெடுத்து ஒரு சிற்றிதழ் நடத்திய மொரிஸ் ஹான்சன் வந்தார். லிவர்பூல் பக்கத்திலிருந்து எரிக் பிராங்க் ரசல் வந்தார். அவருக்கு முப்பது தாண்டியிருந்தது, மற்றவர்களில் பலர் உன்னைவிட வயது குறைந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க், பின்னால் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர். பத்தொன்பது வயது. சமர்செட்டில் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் அப்பாவை இழந்தார், நாலு பிள்ளைகளில் மூத்தவர். அவருடைய அம்மா பண்ணையைப் பார்த்துக்கொண்டு அந்த நாலு பேரையும் வளர்த்தார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வசதியில்லை. அதனால் அரசாங்கப் பரீட்சை எழுதி, 1936இல் லண்டனில் கணக்காய்வு எழுதுநராக வேலைக்குச் சேர்ந்தார். கிழமை முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளுக்காக வடக்கே லீட்ஸ் வரை வந்த அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு உன் நினைவு வருகிறது.

அன்று அவர்கள் சும்மா கதைத்துக் கலைந்துவிடவில்லை. அமெரிக்கச் சங்கத்தின் கிளையாக இருந்தது போதும், பிரித்தானியாவுக்கென்று ஒரு விஞ்ஞானக் கதைச் சங்கம் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தலைமையிடம் லீட்ஸ். ஹான்சனின் சிற்றிதழ் சங்கத்தின் இதழானது. சொந்தமாக ஒரு சஞ்சிகை வேண்டும் என்று முயன்றுகொண்டிருந்த கில்லிங்ஸ், அதே வருடம் ஒன்றைக் கொண்டுவந்தும் விட்டார். ஹான்சனின் இதழ் 1939இல் கார்னெலின் கைக்கு வந்து 'நியூ வேர்ல்ட்ஸ்' என்று பெயர் மாறியது. போர் வந்து அதை நிறுத்தியது. 1946இல் கடைகளில் விற்கும் சஞ்சிகையாக மறுபடி வந்தது, பதிப்பகம் மூன்று இதழோடு விழுந்தது. அப்போது வாசகர்களே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு கம்பனி தொடங்கி அதைத் தூக்கி நிறுத்தினார்கள். எழுத்தாளர் ஜோன் விண்டம் அதற்குத் தலைவர். நீ விரும்பி வாசிக்கிற ஜே. ஜி. பாலார்டின் ஆரம்பக் கதைகள் பல அந்தச் சஞ்சிகையில் வந்தன. இருபதுக்கும் குறைவான ஆட்கள் கூடிய ஒரு நாள் எத்தனை தூரம் போயிருக்கிறது பார்.

இன்னொன்றும் உண்டு. அந்த வாசகர்களில் பலர் 1933இல் லிவர்பூலில் தொடங்கிய பிரித்தானிய கோளிடைச் சங்கத்தோடும் சேர்ந்திருந்தார்கள். விண்வெளிப் பயணத்தை வளர்ப்பதே அதன் நோக்கம். ஆனால் 1875ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனியார் ரொக்கெட் சோதனை செய்ய விடவில்லை. அதனால் என்ன, அவர்கள் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து சந்திரக் கப்பலுக்குக் கணக்குப் போட்டார்கள். எரிபொருள் எவ்வளவு, எடை எவ்வளவு, எப்படித் தரையிறங்குவது என்று 1939இல் முழுத் திட்டத்தையே வெளியிட்டார்கள். ஊரார் பைத்தியம் என்றிருப்பார்கள். 1969இல் மனிதர் சந்திரனில் இறங்கிய இரவு கிளார்க் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து அதை மக்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். 1945இல் அவர் எழுதிய கட்டுரை உனக்குத் தெரியும். கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதி வைத்தால் பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்கும், அதன் வழியாக உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்றார். நம் வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ் அசையாமல் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஏற்பாட்டினால்தான்.

அப்புறம் அவர் நம் ஊருக்கு வந்தார். அதை உனக்குச் சின்ன வயதில் கோணேசர் கோயில் படியில் வைத்தே சொல்லியிருக்கிறேன், ஆனாலும் லீட்ஸோடு சேர்த்து இன்னொரு முறை நினைத்துப் பார். 1956இல் அவர் இலங்கையில் குடியேறினார். அந்த வருடம் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலில் மூழ்கினார்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் மலையடியில், கடலுக்குள் கிடந்தன. அவற்றை முதலில் கண்டவர் வில்சன், பிறகு கிளார்க்கும் இறங்கிப் பார்த்து ஒரு புத்தகமே எழுதினார். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் கோணேசர் மலையடியில் குதிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதையாக இருந்ததாம். உன் அம்மப்பா சொல்வார். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்த்துக் கும்பிட்ட இடம் அது. கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து சொன்னவர்களில் ஒருவர், பத்தொன்பது வயதில் நீ இருக்கிற ஊரின் மண்டபம் ஒன்றில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே உட்கார்ந்திருந்தவர். அவர் 2008இல் கொழும்பில்தான் காலமானார். ஐம்பது வருடத்துக்கு மேல் நம் தீவில் வாழ்ந்துவிட்டார்.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்லி உன்னை அனுப்ப மாட்டேன். 1939 ஜூலையில் நியூயோர்க்கில் முதலாவது உலக மாநாடு என்று பெரிதாக வைத்தார்கள். இருநூறு பேரளவில் வந்தார்கள். பின்னால் பெரிய எழுத்தாளரான ரே பிராட்பரி, அப்போது பதினெட்டு வயது, நண்பரிடம் கடன் வாங்கிக்கொண்டு லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார். ஆனால் வாசலில், மாநாட்டை நடத்தியவர்கள் தங்களோடு பகையாக இருந்த குழுவைச் சேர்ந்த ஆறு பேரை உள்ளே விடவில்லை. பின்னால் எழுத்தாளர்களாகப் பெயர் பெற்ற பிரெடரிக் போல், சிறில் கோர்ன்ப்ளத், டொனால்ட் வொல்ஹைம் எல்லாம் அந்த ஆறு பேரில் அடக்கம். அதே குழுவில் இருந்த ஐசக் அசிமோவ் உள்ளே போய்விட்டார். எத்தனை நியாயம் சொன்னாலும் எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ஒரே கதைகளைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வாசலில் மறித்தார்கள்.

அதே மாநாட்டில் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் இருந்தார், மொரோஜோ என்று அழைப்பார்கள். எதிர்கால மனிதர் உடுப்பதாக நினைத்து, தனக்கும் நண்பர் பொரஸ்ட் அக்கர்மனுக்கும் அவரே உடுப்பு வடிவமைத்துத் தைத்தார். அதை உடுத்துக்கொண்டு இரண்டு பேரும் நியூயோர்க் வீதியில் நடந்தார்கள். இன்று மாநாடுகளில் வேடம் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் முன்னோடி அவர்கள் என்பார்கள். நெடுங்காலம் அக்கர்மனின் பெயரைத்தான் சொன்னார்கள். தைத்தவரின் பெயரை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

சரி, நீ என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முதல் நாள் காலையிலேயே போ. மத்தியானம் போனால் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிடுவார்கள், நடுவில் நுழைவது கஷ்டம். புதிதாக வருகிறவர்களுக்கென்று ஏதாவது சந்திப்பு இருந்தால் அதை விடாதே. வயதானவர்கள் பக்கத்தில் இருந்து பார். பழைய மாநாடுகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். எந்த ஊர் என்று கேட்டால் இலங்கை என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் திருகோணமலை என்று சொல். கிளார்க்கை வாசித்த ஒருவராவது அந்தப் பெயரைக் கேட்டு நிமிர்வார், கோயிலைப் பற்றிக் கேட்பார். உனக்குத் தெரிந்ததை வடிவாக, அவசரமில்லாமல் சொல். அந்த இடத்தில் உன்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

மாநாட்டுக்கு முன் ஒரு நாள் குயின் ஸ்குவேருக்கும் போய்ப் பார். அன்று எடுத்த படங்கள் இருக்கின்றன, கோட்டும் டையுமாக நிற்கிற இளைஞர்கள். அந்த முகங்களைப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

பதிவுக் கட்டணத்தை அப்பா அடுத்த கிழமை அனுப்புவார், உன் செலவுக் காசில் கை வைக்காதே. நிகழ்ச்சி நிரல் வந்ததும் எனக்கு அனுப்பு, எந்தெந்த அமர்வுக்குப் போகலாம் என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம். விண்வெளிப் பயணம் பற்றி ஏதாவது இருந்தால் அதை முதலில் குறித்து வை, நீ குறிப்பெடுத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்
அம்மா
திருகோணமலை