மருந்து நிறுத்திய மாதத்தில் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 2022 ஜனவரியில் எங்கள் மூத்த மகனுக்கு, அவனுடைய ஏழாவது வயதில், ரத்தப் புற்றுநோய் என்று சென்னையில் மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். இரண்டரை ஆண்டுச் சிகிச்சை முடிந்து, இந்த 2024 ஜூலையில் கடைசி மாத்திரையையும் விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். இடைப்பட்ட காலத்தில் எங்களுக்குத் தோள் கொடுத்தவர்களில் சிலரை நேரில் கண்டு கைகூப்பியாயிற்று. பலருடைய முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் குலதெய்வம் வைத்தீசுவரன் கோயில் வைத்தியநாத சுவாமி. நோய் தீர்க்கும் சாமியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்துக்கு இப்படியொரு நோயா என்ற கேள்வி முதல் மாதம் முழுவதும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. மருத்துவமனை வளாகத்துப் பிள்ளையார் முன்னால் நின்றால் வாயில் ஒரு சொல்லும் வராது. இதை மாமியாரிடம் தொலைபேசியில் சொல்லி அழுதபோது அவர், "நீ பிள்ளையப் பாரு, சாமிய நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடியே செவ்வாய்க்கிழமைதோறும் மயிலாடுதுறையிலிருந்து பேருந்து ஏறிப் போய், சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்து, தையல்நாயகி சன்னிதியில் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டு வந்தார். நம்மால் கும்பிட முடியாத நாட்களில் நமக்காக இன்னொருவர் கும்பிடலாம் என்பதை நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அத்தை, என் முதல் நன்றி உங்களுக்கு.

ரத்தம் கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தச் சிகிச்சையில் மருந்தே ரத்த அணுக்களையும் அழித்துவிடும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; அவை என் மகனுக்கு ஒருமுறை ஒன்பதாயிரத்துக்கு இறங்கி, பல் ஈறிலிருந்து ரத்தம் கசியத் தொடங்கியது. தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாதாம். எனவே ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவரைத் தேடிப் பிடித்தாக வேண்டும். அவரும் கையில் ஊசியோடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அது ரமலான் மாதம். அழைப்பை எடுத்த இளைஞர், "நோன்பு திறந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அதுவரை தாங்குமா அம்மா?" என்று கேட்டார். சொன்னபடி இரவு ஒன்பது மணிக்கு வந்தார், கொடுத்தார், பேருந்துச் செலவுக்கு என் கணவர் நீட்டிய பணத்தை வாங்காமல் போய்விட்டார். தம்பி, உங்கள் பெயர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அன்றிரவு பதினொன்றரை மணிக்குத் தேன் நிறத்தில் ஒரு பை என் மகனின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மூன்று மாதங்களுக்குப் பிறகு, எனக்கு மறுபடியும் கும்பிட வந்தது.

வீட்டைத் தாங்கியவர்களும் உண்டு. இளையவனை இரண்டு ஆண்டுகள் தன் பிள்ளையாகவே வளர்த்த என் நாத்தனார், எங்கள் மாட்டுக்குத் தினமும் தண்ணீர் காட்டிய எதிர்வீட்டார், காப்பீட்டுத் திட்ட அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக என் கணவரோடு அலைந்த அவருடைய நண்பர்கள், பாடங்களைக் குரல்பதிவாக அனுப்பிக்கொண்டே இருந்த வகுப்பாசிரியை ஆகிய எல்லோரும் எங்கள் நினைவில் இருக்கிறார்கள். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பார்கள். ஊருக்கு வந்திருந்த ஓர் இரவு, ஒரு மணிக்குக் கதவைத் தட்டியதும், சட்டையை மாட்டிக்கொண்டே வண்டியை எடுத்துச் சென்னைவரை ஓட்டிய தெருமுனைக் கடைக்காரருக்கு, அந்த ஐந்து மணி நேரத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்ததற்காகவும் சேர்த்து நன்றி சொல்கிறேன். ஆறுதல் என்று யாராவது பேசியிருந்தால் அன்று நான் உடைந்திருப்பேன்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டுமா என்று பல நாள் தயங்கினேன். பக்கத்துக் கட்டிலில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சிறுமியின் தாய்தான், கசக்கும் மாத்திரையை வெல்லப்பாகில் குழைத்துக் கொடுப்பது முதல், முதுகுத்தண்டில் ஊசி போட்ட பிறகு பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது என்பதுவரை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் அவருடைய மகள் இறந்துவிட்டாள். பத்து நாள் கழித்து அவரே என்னை அழைத்து, "தம்பி மாத்திரை போட்டுக்கிட்டானா?" என்று கேட்டார்.

"கடவுள் உன் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்" என்று இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை நான் திருப்பிச் சொல்வதில்லை, அக்கா, ஏனென்றால் நீங்களும் என்னைப் போலவே, என்னைவிடக் கூடுதலாகவே, வேண்டிக்கொண்டீர்கள். கடவுள் என்னைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொண்டார் என்று மட்டும் சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர் என்னைப் பிடித்த கைகளில் உங்கள் கையும் ஒன்று. மகளை இழந்த பத்தாம் நாள் என் மகனைப் பற்றிக் கேட்க உங்களுக்குத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்த முடி, சிகிச்சையின் முதல் மாதங்களிலேயே மருந்தால் உதிர்ந்துவிட்டது. பிறகு முன்னைவிடச் சுருட்டையாக வளர்ந்த முடியை ஆவணியில் வைத்தீசுவரன் கோயிலில் இறக்கப்போகிறோம். அன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. இந்த மடலைப் படித்து, இது தன்னைப் பற்றியதுதான் என்று அறிகிற ஒவ்வொருவரும் வர வேண்டும். அக்கா, உங்களுக்கு வர மனம் இடம் தராவிட்டால் வர வேண்டாம். பிரசாதத்தை எடுத்துக்கொண்டு நாங்களே அங்கு வருகிறோம்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
மயிலாடுதுறை