எலிப்பொறிக்கு முன்னால் திரும்பினோம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல். கடைசியில், "இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பனிமலைக்கெல்லாம் ஏன்டா போகிறாய்?" என்று கேட்டிருந்தாய். போன வாரம்தான் போய்விட்டு வந்தேன். உன் கேள்வி வழியெல்லாம் கூடவே வந்தது.

இந்த முறை பனிச்சறுக்குக்குப் போனது ரோஜர்ஸ் பாஸ். கால்கரியிலிருந்து மேற்கே நாலு மணி நேரம் கார் ஓட்டினால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வரும் மலைக்கணவாய். நாங்கள் நாலு பேர். மூன்று பேர் எட்டு வருடமாகச் சேர்ந்து போகிறவர்கள், நாலாவது பெண் இந்தக் குளிர்காலத்தில்தான் எங்களோடு சேர்ந்தாள். ஸ்கீ ரிசார்ட்டில் இருப்பது போல இங்கே லிஃப்ட் கிடையாது. மலை ஏறுவதும் நம் காலால்தான். ஸ்கீ என்பது காலில் மாட்டும் நீளமான சறுக்குப் பலகை. அதன் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொள்வோம். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் ரோமம். பூனையின் முதுகைத் தடவிப் பார்த்திருப்பாய் அல்லவா, அதே கதைதான். முன்னால் தள்ளினால் வழுக்கிப் போகும், பின்னால் சறுக்கப் பார்த்தால் ரோமம் எதிர்த்து நின்று பிடித்துக்கொள்ளும். மூன்று மணி நேரம் ஏறி, உச்சியில் ஸ்கின்னை உரித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் இறங்கிவிடுவோம். எனக்கு அந்த ஏற்றம்தான் ரொம்பப் பிடிக்கும். பேச்சு ஓடும், தானாக நிற்கும், அப்புறம் ஸ்கீ பனியில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும்.

இங்கே பயமெல்லாம் பனிச்சரிவுதான். அதனால் ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான் கட்டாயம் இருக்கும்: புதைந்தவர் எங்கே என்று சிக்னலால் காட்டும், மார்பில் கட்டிய பீக்கன், பனியில் குத்திப் பார்க்க மடக்கி வைக்கும் நீளக் கம்பி, மண்வாரி. பனிக்குள் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைத்தாலே பெரிது. அதற்குள் எந்த ஹெலிகாப்டரும் வந்து சேராது. கூட வந்தவன்தான் ஆம்புலன்ஸ், அவன்தான் டாக்டர். நவம்பர் வந்ததும் நாங்கள் பூங்காவில் ஒரு பீக்கனைப் பைக்குள் போட்டுப் புதைத்துவிட்டு, மாற்றி மாற்றித் தேடிப் பழகுவோம். திரையில் 40, 22, 9 என்று தூரம் குறைந்துகொண்டே வரும்போது, விளையாட்டென்று தெரிந்தும் எனக்குக் கை நடுங்கும்.

சனிக்கிழமை காலை அசுல்கன் பள்ளத்தாக்கில் ஏறினோம். ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது, காற்றும் அடித்திருந்தது. அன்றைய அபாய அளவு ஐந்தில் மூன்று. அந்தப் பள்ளத்தாக்கில் 'மவுஸ்ட்ராப்' என்று ஒரு இடம் உண்டு, எலிப்பொறியேதான். பல சரிவுகள் மேலிருந்து வந்து ஒரே இடத்தில் கொட்டும் குறுகல். அதற்கு முன்னால், பாதுகாப்பான ஒரு சின்ன மேட்டில், பனி அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றனவா என்று குழி தோண்டிப் பார்த்தோம்.

அந்தக் குழியை உனக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. வெட்டிய சுவரில் அரை மீட்டர் ஆழத்தில் பென்சிலால் கோடு போட்டது போல ஒரு மெல்லிய சாம்பல் வரி. அதைச் சுரண்டி எடுத்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், சின்னச் சின்ன இறகுகள், ஒவ்வொன்றும் பளபளக்கிறது. மேகமில்லாத குளிர் இரவில், புல்லில் பனித்துளி படிவது போல, பனியின் மேல் பூக்கும் படிகம் அது. அப்படியே வெயிலில் கரைந்தால் கவலையில்லை. அதன் மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால் வாரக்கணக்கில் உள்ளேயே கிடக்கும், மேலிருக்கும் பனிக்குப் பிடிமானம் இருக்காது. முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில் பனியைத் தூணாக வெட்டி, மேலே மண்வாரியை வைத்துக் கையால் தட்டினோம். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று கணக்கு. முழங்கையிலிருந்து மூன்றாவது தட்டுக்கே மேல்பாதி மேசை டிராயர் போலச் சறுக்கி வெளியே வந்தது.

அப்படியும் மனசு போகத்தான் சொல்கிறது, மாப்பிள்ளை. எங்களுக்கு முன்னால் யாரோ போன தடம் எலிப்பொறியைத் தாண்டி மேலே தெரிந்தது. வானம் வேறு நீலமாகத் திறந்திருந்தது. எங்களில் மூத்தவர் ஓரமாக ஒரு வழியைக் காட்டினார், நானும் தலையாட்டினேன். அப்போதுதான் அந்தப் புதுப் பெண், "எனக்குச் சரியாகப் படவில்லை" என்றாள். அவ்வளவுதான். மூத்தவர் அந்த நிமிடமே ஸ்கீயைத் திருப்பினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் வேண்டாமென்று சொன்னாலும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. எட்டு வருடமாக எங்களிடம் இருக்கும் ஒரே சட்டம் அதுதான். அன்றைக்கு அதை எங்களுக்கு நினைவுபடுத்தியவள் எல்லாரிலும் அனுபவம் குறைந்தவள்.

ராத்திரி வீலர் குடிசையில் தங்கினோம். விறகடுப்பைச் சுற்றிக் காலுறைகள் தொங்கின. சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது தூரத்தில் பீரங்கிச் சத்தம். நெடுஞ்சாலைக்கு மேலே தேங்கும் பனியை, சாலையை அடைத்துவிட்டு, கனடா ராணுவம் 1961 முதல் பீரங்கியால் சுட்டு இறக்கி வருகிறது. இந்தக் கணவாயில் 1910 மார்ச் 4 அன்று, முதலில் விழுந்த சரிவை ரயில் பாதையிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மேல் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு சரிவு வந்து விழுந்தது. 58 பேர் போனார்கள், பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். அதற்கப்புறம்தான் மலையைக் குடைந்து எட்டு கிலோமீட்டர் சுரங்கம் போட்டார்கள், 1916-ல் ரயில் உள்ளே போய்விட்டது. வேண்டாமென்று சொல்லும் வாய்ப்பு அந்த 58 பேருக்கு இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன், வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அப்போது வெள்ளியங்கிரி நினைவு வந்தது. நாம் ஒரே அறையில் இருந்த கடைசி வருடம், மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு ராத்திரியில் ஏறினோமே. முழங்கால் வலிக்கிறது, திரும்பிவிடலாம் என்று நீ இரண்டு தடவை சொன்னாய். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ரெண்டு மலைதான்டா" என்று சிரித்தேன். உன்னைச் சுக்குக் காபிக் கடையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் போனோம். விடிந்து இறங்கி வந்தபோது, துண்டைப் போர்த்திக்கொண்டு அதே கல்லில் நடுங்கிக்கொண்டிருந்தாய். எங்களைப் பார்த்து, "சூரியன் நல்லாத் தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாய். அன்றைக்கு நான் உன்னோடு திரும்பியிருக்க வேண்டும். இத்தனை வருடமாக இதை உன்னிடம் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். திரும்பலாம் என்று ஒருவர் சொன்னால் திரும்புகிற மனிதர்களோடுதான் போகிறேன். வீட்டில் மனைவியிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், பத்து நாள் இருப்பேன். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதுவதே இல்லை. எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்