கறுப்பு திரும்பினால் போதும்

காரைக்குடி,
பங்குனி

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பச்சிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. காலையில் கொப்புடையம்மன் கோயில் வரைக்கும் தடி இல்லாமல் போய்விட்டு வருகிறார். வந்ததும் காப்பி, பேப்பர், அப்புறம் என்னைப் பற்றிய குறைகள், எல்லாம் பழையபடிதான். உன் மூத்தவளுக்கு வேலை உறுதியான சேதி கேட்டு ஆச்சிக்கு ரொம்ப சந்தோஷம். கல்யாணத்துக்கு வரும்போது அவளையும் கட்டாயம் கூட்டி வரச் சொன்னாள்.

பெரிய சேதி ஒன்று உண்டு. பங்காளிகள் எல்லாரும் ஒருவழியாக ஒத்துக்கொண்டு, பெரிய வீட்டு முகப்புச் சுவரைச் சரிபண்ண ஆள் விட்டாயிற்று. யார் எவ்வளவு போடுவது என்பதில் நடந்த பேச்சை நேரில்தான் சொல்லவேண்டும், எழுதினால் காகிதம் தாங்காது. கொத்தனார் பழைய முறையிலேயே செய்கிறார். சுண்ணாம்பை அரைத்து, சலித்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, பூச்சுக்கு மேல் பூச்சாகப் போடுகிறார். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. அது இறுகி வரும்போது வழவழப்பான கல் ஒன்றை வைத்துக்கொண்டு தேய், தேய் என்று தேய்க்கிறார். எண்ணெய் கிடையாது, வார்னிஷ் கிடையாது. மேலே இருக்கிற மேடுபள்ளம் எல்லாம் அடங்கியதும் சுவர் தானாக மின்ன ஆரம்பிக்கிறது. பக்கத்தில் நின்றால் நம் முகம் மங்கலாகத் தெரிகிறது.

நரைத்துப்போச்சு என்று நீ எழுதிக் கேட்ட உன் கார் பம்பருக்கு நடந்ததும் இதுதான், தலைகீழாக.

போட்டோக்களைப் பார்த்தேன். பெயின்ட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பம்பரின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேலே வளைந்து வரும் பட்டை, கதவுக்குக் கீழே ஓடும் கிளாடிங், வைப்பருக்கு அடியில் இருக்கும் அந்த நீளத் தட்டு, இந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள்தான் நரைத்துப் போயிருக்கின்றன. வெள்ளைக் கார் வேறு, கூடுதலாகவே கண்ணில் அடிக்கிறது. சம்பந்தக்காரர்கள் முன்னால் பளபளவென்று வந்து இறங்கணும், வழி சொல் என்கிறாய். சொல்கிறேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். புதுக் காராக ஷோரூமை விட்டு வெளியே வந்த அன்றைக்கும் அந்தப் பிளாஸ்டிக் பளபளக்கவில்லை. லேசான சொரசொரப்போடு, ஆழமான கறுப்பாக, வெயில் பட்டால் மெல்லிய மினுக்கோடு இருந்தது. அந்தக் கறுப்பு திரும்பினால் போதும். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்கள்தான் காரை எண்ணெயில் பொரித்த வடை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டு சாரை உனக்கு நினைவிருக்கும். சிக்ரியில், அதாவது இங்கே உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1953இல் திறந்த நாள் முதல் துருவோடு மல்லுக்கட்டி வருகிற நிலையத்தில் வேலை பார்த்த மனிதர், பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்டாலும் விடமாட்டார். அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், அதில் கொஞ்சம் ரப்பர் சேர்த்திருப்பார்கள். பம்பரின் உள்பக்கம் குனிந்து பார்த்தால் 'பி.பி.' (அந்தப் பிளாஸ்டிக்), 'ஈ.பி.டி.எம்.' (அந்த ரப்பர்) என்று எழுத்துகள் அச்சாகியிருக்கும். கறுப்பு நிறத்துக்குக் கரித்தூள் கலக்கிறார்கள். அந்தக் கரித்தூளே புற ஊதாக் கதிரை ஓரளவு தடுத்துவிடும். ஆனாலும் வருஷக்கணக்காக வெயிலும் காற்றும் சேர்ந்து பட்டால் மேல்தோலில் பிளாஸ்டிக்கின் நீளச் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழும். அந்த விரிசல்களில் பட்ட வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால்தான் நமக்குச் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. உள்ளே கறுப்பு அப்படியேதான் இருக்கிறது, நிறம் எங்கேயும் ஓடிப்போகவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். துணியை நனைத்து நரைத்த இடத்தில் ஒரு இழுப்பு இழு. ஈரமாக இருக்கும்போது கறுத்து, காய்ந்ததும் பழையபடி சாம்பலாக மாறினால் வெயில் வேலை என்று அர்த்தம். அதற்கு மருந்து உண்டு. பெயின்ட்டை ஒட்டிய ஓரத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கோடு நின்றால் அது வெயில் இல்லை, யாரோ பாலிஷ் போடும்போது பிளாஸ்டிக் மேலும் இழுத்துவிட்டது. சொரசொரப்பில் போய் உட்கார்ந்து காய்ந்திருக்கும். இரண்டாவது போட்டோவில் உன் கண்ணாடிக்குக் கீழே இருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும், பொறுமையாகத் தேய்த்தால் வந்துவிடும்.

எல்லாரும் எந்த பாட்டில் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். வேலையில் முக்கால்வாசி கழுவுவதிலேயே இருக்கிறது. வாட்டர் வாஷ் கொடுத்துவிட்டால் சுத்தம் ஆகிவிட்டது என்று நினைக்காதே. இங்கே நம் செம்மண் தூசு அந்தச் சொரசொரப்புக்குள் போய் அப்பிக்கொள்ளும். காரைக் கழுவித் துடைத்த பிறகும், பழைய பல் பிரஷ்ஷைச் சோப்பு நுரையில் நனைத்துப் பம்பரைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் நுரை காவி நிறத்தில் வழியும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தால் மறுபடி காவி. நுரை வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. உன் பக்கத்தில் செம்மண் இல்லை, சாலைப் புகையும் பழைய பாலிஷ் பிசுக்கும் இருக்கும், நுரை கறுப்பாக வரும். அவ்வளவுதான் வித்தியாசம். எந்தச் சோப்பு என்று கேட்டால், எல்லா அழுக்குக்கும் என்று கார் கடையில் விற்கிற கிளீனரைத் தண்ணீர் கலந்து பயன்படுத்து. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் பொதுவான அளவு, பாட்டில் மேல் வேறு போட்டிருந்தால் அதன்படி செய். அது வெயிலில் காய விடாமல் உடனே கழுவிவிடவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் உன் பாடு கஷ்டம்தான். இங்கே சம்பை ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்துவிட்டு அங்கே போர் தண்ணீரில் கார் கழுவுகிறாய். அந்த உப்புத் தண்ணீர் சொட்டாக நின்று காய்ந்தால் வெள்ளை வட்டம் போடும், கறுப்புப் பிளாஸ்டிக்கில் அது கண்ணைக் குத்தும். கழுவிய கையோடு துடைத்துவிடு. கடைசி வாளியாவது உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். ஏற்கெனவே விழுந்துவிட்ட வட்டத்துக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஒத்தி வைத்து, நல்ல தண்ணீரில் கழுவு.

சரி, சுத்தமாகிக் காய்ந்தாயிற்று. இப்போது அது முன்பைவிட வெளிறித் தெரியும், பயந்துவிடாதே. அழுக்கும் பழைய எண்ணெயும் போனதால்தான் அப்படி. இதற்கு மேல் மூன்று வழி உண்டு.

சுலபமானது டிரெஸ்ஸிங், அதாவது பிளாஸ்டிக் மேல் தடவித் துடைக்கிற திரவம். பால் மாதிரி வெள்ளையாக இருப்பது தண்ணீர் அடிப்படை, கண்ணாடி மாதிரி தெளிவாகப் பிசுபிசுவென்று இருப்பது பெரும்பாலும் கரைப்பான் அடிப்படை. இரண்டிலும் வேலை செய்வது பெரும்பாலும் சிலிக்கோன்தான். விரிசலை நிரப்பி, ஈரத்துணி இழுத்தபோது கிடைத்த கறுப்பைக் கொஞ்ச நாளுக்குப் பிடித்து வைக்கும். எனக்குப் பிடித்தது வெள்ளை. தெளிவானது முதல் நாள் அட்டகாசமாக மின்னும். மறுநாள் திருமயம் வரை ஓட்டிவிட்டு வந்தால் வழியில் உள்ள தூசு பூராவும் அதில்தான் ஒட்டியிருக்கும், மழை பெய்தால் கதவு மேல் கோடு கோடாக வழியும். வாட்டர் வாஷ் கடையில் கடைசியில் பையன் ஒரு ஸ்ப்ரேயை எடுத்து டயர், பம்பர், டேஷ்போர்டு என்று சகட்டுமேனிக்கு அடிப்பானே, அதைத்தான் சொல்கிறேன். வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடு. எதுவானாலும் ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்துத் தேய்த்து, சில நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்து எடு. துடைத்து எடுப்பதில்தான் அந்த எண்ணெய் வழியாத மேட் கறுப்பு கிடைக்கிறது. கண்ணாடியில் பட்டால் வைப்பர் இழுக்கும்போது பூசினாற்போல் ஆகும். பிரேக் டிஸ்கிலும், டயர் ரோட்டில் படுகிற பக்கத்திலும் பட்டால் ஆபத்து. அதனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், ஸ்பாஞ்சுதான்.

இரண்டாவது, பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கும் செராமிக் கோட்டிங். உனக்கு நான் சொல்வது இதுதான். மேலே கெட்டியாக ஒரு படலமாக இறுகிவிடும், சோப்பு போட்டால் போகாது, நன்றாகப் போட்டால் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் நிற்கும். சின்ன பாட்டில்தான், ஆனால் கீழ்ப்பக்கத்துக்கு எல்லாம் தாராளமாகப் போதும். இதில் நிபந்தனை ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கில் துளி எண்ணெய்கூட இருக்கக்கூடாது. பழைய டிரெஸ்ஸிங் இருந்தால் அதன் மேலே பிடிக்காது, சில வாரத்தில் திட்டுத்திட்டாக உரியும். கழுவிக் காய்ந்த பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடை. பெயின்ட்டை ஒட்டிய ஓரத்துக்கு மாஸ்க்கிங் டேப் ஒட்டிக்கொள், ஏனென்றால் பெயின்ட் மேல் பட்டு இறுகிவிட்டால் எடுப்பதற்குப் பாலிஷ் போடவேண்டி வரும். நிழலில், பிளாஸ்டிக் கைக்குச் சூடு தெரியாமல் இருக்கும்போது, சின்னச் சின்ன இடமாகப் பூசி உடனே சமப்படுத்து. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. பம்பர் ரொம்பவே நரைத்திருந்தால் இதிலேயே கறுப்புச் சாயம் கலந்த வகையும் இருக்கிறது. கையுறை போடாமல் அதைத் தொட்டால் நகக்கண்ணில் வாரக்கணக்கில் இருக்கும்.

மூன்றாவது ஹீட் கன். வீடியோவில் பார்த்திருப்பாய், சூடு காட்டக் காட்ட நரைத்த பிளாஸ்டிக் மந்திரம் போட்டாற்போல் கறுத்துக்கொண்டே போகும். உள்ளே இருக்கிற எண்ணெய் மேலே வருகிறது என்பார்கள். சார் அதைக் கேட்டுச் சிரித்தார். மேல்தோல் லேசாக உருகி விரிசல் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றார். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகும். ஹீட் கன்னோ 500 டிகிரிக்கு மேல் காற்றை ஊதும். ஒரே இடத்தில் கை நின்றால் பம்பர் நெளிந்துபோகும், சொரசொரப்பு அழிந்து அங்கே மட்டும் வழவழவென்று தேமல் விழுந்த மாதிரி ஆகும், பக்கத்துப் பெயின்ட் கொப்பளிக்கும். கை தேர்ந்தவன் செய்தாலும் அந்தத் தோல் மறுபடி வெயிலுக்குத்தானே நிற்கிறது? ஒவ்வொரு தடவையும் உருக்கிக்கொண்டே இருக்க முடியாது. சில பேர் லைட்டரையே பிடிக்கிறார்கள். உன் பையனுக்கு அந்த வீடியோவைக் காட்டாதே.

பெயின்ட் அடித்துவிடலாமே என்று செக்காலை ரோடு பக்கம் டிங்கரிங் பட்டறையில் சொன்னார்கள். அடிக்கலாம். பாலிபுரோப்பிலீனில் பெயின்ட் லேசில் ஒட்டாது, பிளாஸ்டிக்குக்கு என்று உள்ள பிரைமரை முதலில் அடித்தே ஆகவேண்டும். அதை விட்டுவிட்டால் அடுத்த கோடையில் தோல் உரிகிறது. தவிர, சிலிக்கோன் டிரெஸ்ஸிங் ஊறிய பம்பரில் பெயின்ட் அடித்தால் மீன் கண் மாதிரி குழி குழியாக விழும். பெயின்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

அப்பச்சியின் வைத்தியம் தேங்காய் எண்ணெய். ஆத்தங்குடிக் கல் பாவிய தரைக்கு நம் வீடுகளில் காலங்காலமாகத் தடவுகிறோம், பிளாஸ்டிக்குக்கு ஆகாதா என்று கேட்கிறார். தரை வீட்டுக்குள்ளே நிழலில் இருக்கிறது, கார் ரோட்டில் தூசியில் ஓடுகிறது. அவசரத்துக்குக் கல்யாண வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் கறுப்பாக இருக்கும், அதோடு சரி. கெரசின், டீசல் துணியால் துடைக்கிற பழக்கம் அதைவிட மோசம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் பட்டால் அது ஊதித் தளர்ந்துவிடும், அப்புறம் மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். ஷூ பாலிஷைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் பட்டு வேட்டியை நினைத்துக்கொண்டு நீயே முடிவு பண்ணு.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. கார் ஷாம்பு போட்டுக் கழுவு, பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டாம், அது டிரெஸ்ஸிங்கை வழித்துக்கொண்டு போய்விடும். பெயின்ட்டுக்கு பாலிஷ் போடும்போதெல்லாம் பிளாஸ்டிக் ஓரத்துக்கு டேப் ஒட்டு. முக்கியமாக நிழல். உங்கள் அடுக்ககத்தில் காரின் பின்பக்கம் மேற்குப் பார்க்கத்தானே நிறுத்துகிறாய்? பின்பம்பர் முன்பம்பரைவிட அதிகமாக நரைத்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். செயலரிடம் பேசி இடத்தை மாற்றிக் கேள். முடியாவிட்டால் மாதம் ஒரு தடவையாவது முன்பின்னாகத் திருப்பி நிறுத்து. நான் இங்கே முகப்புக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். காக்கை எச்சம் விழும்தான், அதை அன்றன்றைக்கே துடைத்துவிடலாம், வெயிலைத் துடைக்க முடியாது.

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து முடித்துவிடு. அந்தச் சூட்டில் கோட்டிங் பூசினால் பூசும்போதே காய்ந்து திட்டு விழும். நேரம் கிடைக்காவிட்டால் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் இங்கே வந்து சேர். பெரிய வீட்டு இரண்டாம் கட்டுக்குப் பின்னால் வண்டிக் கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது, நிழலும் உண்டு, தண்ணீரும் நல்ல தண்ணீர். பாட்டில் வாங்கும்போது எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கு, இங்கே கடையில் எண்ணெய் வகைதான் வைத்திருக்கிறார்கள். தடிமனான மைக்ரோஃபைபர் துணி ஒரு கட்டும் வேண்டும். காசை வந்ததும் வாங்கிக்கொள்.

உன்,
மாப்பிள்ளை