பட்டம்

வாகெனிங்கன், நெதர்லாந்து
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். போன வாரம் போனில், "பட்டம் எப்போது வாங்குவாய், ஊரில் கேட்கிறார்கள்" என்றீர்கள். அதற்குப் பதில் போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே இப்போது மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. எங்கள் பயிர் அறைக்கு அந்தக் கவலை இல்லை, ஜன்னலே கிடையாது. ஆடிப்பட்டமும் இல்லை, தைப்பட்டமும் இல்லை. எல்.இ.டி. விளக்கைப் போட்டால் விடியல், அணைத்தால் அந்தி. அடுக்கடுக்கான தட்டுகளில் லெட்டூஸ் என்கிற கீரை. சிவப்பும் நீலமும் மட்டும் எரியும்போது இலையெல்லாம் கறுப்பாகத் தெரியும். பட்டுத் திரும்புவதற்குப் பச்சை ஒளி அங்கே இல்லையே. மண்ணும் இல்லை. எரிமலைப் பாறையை உருக்கி, பஞ்சுமிட்டாய் போல இழையாக்கி அமுக்கிய கட்டிகளில் வேர் பிடிக்கிறது. "அதைத் தின்னலாமா?" என்று அம்மா கேட்பார். தின்னலாம். ருசி சுமார்தான்.

இந்த வருடம் ஒரு தப்புச் செய்தேன். சீக்கிரம் வளரட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினேன். வளர்ந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. ஐந்தாம் வாரம் ஒரு செடியை விரித்துப் பார்த்தால் உள்ளே சுருண்டிருந்த குருத்திலைகளின் ஓரமெல்லாம் பீடி நெருப்புப் பட்டதுபோல் கருகியிருந்தது. அத்தனை தட்டிலும் அப்படியே. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று தெரிந்தது. கரைசலில் அதைக் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை. பிறகுதான் விளங்கியது. அந்தச் சத்து தானாக நகராது. இலை நீரை ஆவியாக விடும்போது வேரிலிருந்து ஏறும் தண்ணீரோடுதான் போகும். வெளி இலைகள் காற்றில் இருக்கின்றன, அவற்றுக்குக் கிடைத்துவிடுகிறது. மூடிய குருத்துக்குள் காற்றே புகாத புழுக்கம்; நீர் ஆவியாகவில்லை, சத்தும் போய்ச் சேரவில்லை.

மருந்து என்ன தெரியுமா? மின்விசிறி. மேலிருந்து குருத்துக்குள் இறங்கும்படி மெல்லிய காற்று. இது இங்கே தெரிந்த வைத்தியம்தான். நான்தான் பட்டுத் தெரிந்துகொண்டேன். விசிறியை மாட்டும்போது நீங்கள் நடவாட்களோடு போடும் சண்டை ஞாபகம் வந்தது. நெல் வயலில் எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடச் சொல்வீர்கள். "இடம் வீணாகிறதே" என்பார்கள். "நெருக்கி நட்டால் புகையான் பூச்சிக்கு நட்டது" என்பீர்கள். கேடு வேறு, காரணம் வேறு என்றாலும் காற்று ஒன்றுதானே அப்பா.

ஊரில் இந்த அறையை உலக அதிசயம் என்று சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் மிச்சம், பூச்சி மருந்து தேவையில்லை, எல்லாம் சரி. கரண்டு பில்தான் கழுத்தைப் பிடிக்கிறது. 2022-இல் மின்சார விலை ஏறியபோது, இங்கே கண்ணாடிக் குடில் வைத்திருப்பவர்களில் பலர் குளிர்காலத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். கீரைக்கே இப்படி, நெல்லை விளக்கில் விளைவித்தால் யாரால் வாங்க முடியும்? சம்பாவுக்குச் சூரியன்தான்.

என் பட்டத்துக்கு வருகிறேன். இங்கே ஆராய்ச்சி மாணவர் என்றால் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். நான்கு வருடக் கணக்கு. எனக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்த வேலை. குத்தகை நிலம் போலத்தான். ஆய்வேட்டோடு சில கருத்துகளைத் தனித்தாளில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கம். தேர்வாளர்கள் அதில் எதைப் பற்றியும் கேட்கலாம். அதில் ஒன்றாக உங்கள் பட்டத்தை எழுதியிருக்கிறேன். "இது எங்கிருந்து எடுத்தது?" என்று வழிகாட்டி கேட்டார். அப்பா என்றேன். சிரித்தார், அந்த வரியை அடிக்கவில்லை.

ஓர் உதவி. மழை விட்டதும் வயலில் இறங்கிப் பட்டத்தின் அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். ஓரடி என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். ஆனால் காலால் அளப்பவர் நீங்கள், உங்கள் பாதம் ஓரடியை விடச் சின்னது.

அன்புடன்,
உங்கள் மகள்